செப்டம்பர் 15

1992 ஏப்ரல் 1 அன்று வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆட்டங்கள் நின்றன. நான் சொல்வது பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடும் ஹாக்கி. லீக்குக்கு அது எழுபத்தைந்தாவது சீசன். வழக்கமான ஆட்டங்களில் முப்பதுதான் பாக்கி இருந்தன. அவை முடிந்தால் ஸ்டான்லி கோப்பைக்கான பிளே-ஆஃப். வேலைநிறுத்தம் செய்யலாமா என்று வீரர் சங்கம் வாக்கெடுத்தபோது 560 பேர் ஆம் என்றார்கள், 4 பேர் வேண்டாம் என்றார்கள். பத்து நாளில் லீக் இறங்கிவந்தது. வீரர்களின் படம் போட்ட அட்டைகளை விற்கும் உரிமை அவர்களிடமே நின்றது. பிளே-ஆஃப் ஊக்கத்தொகை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. லீக்கின் தலைவர் ஜான் சீக்லர் சில மாதங்களில் பதவியை விட்டுப் போனார்.

அந்தச் சங்கத்துக்கு அப்படி ஒரு வெற்றி அதற்கு முன்பு கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை. காரணம் சம்பளம் கொடுக்கும் முறையில் இருக்கிறது. ஹாக்கி வீரருக்கு ஆண்டுச் சம்பளம் வழக்கமான சீசன் நடக்கும் மாதங்களுக்குள் தவணை தவணையாகக் கொடுத்து முடிக்கப்படும். ஏப்ரல் பிறக்கும்போது அவர் பணத்தில் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். பிளே-ஆஃபில் அவர் ஆடுவது கோப்பைக்காகவும் ஒரு சிறு ஊக்கத்தொகைக்காகவும். அணி உரிமையாளருக்கு நிலைமை நேர்மாறு. சம்பளச் செலவு முடிந்துவிட்டது, இனி வருகிற டிக்கெட் பணம் எல்லாம் அவருக்கு. ஆக, ஏப்ரலில் ஆட்டம் நின்றால் இழப்பு உரிமையாளருக்கு. அக்டோபரில் நின்றால் வீரருக்கு.

தொழிலாளர் பேரம் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒற்றுமை, உறுதி, தலைமை என்றே பேசுகிறோம். அவை எல்லாம் தேவைதான். ஆனால் ஹாக்கிச் சங்கத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது: எந்த நாளில் மோதுவது என்று முடிவு செய்கிறவர் கையில்தான் பலம் இருந்திருக்கிறது. 1992இல் அந்த நாளை வீரர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பழைய ஒப்பந்தம் 1991 செப்டம்பர் 15 அன்றே காலாவதியாகிவிட்டது. ஒப்பந்தமில்லாமலே ஆறு மாதம் ஆடி, ஏப்ரல் வரை பொறுத்திருந்து, பிறகு மட்டையைக் கீழே வைத்தார்கள். சங்கத்துக்கு அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த பாப் குட்எனோ என்ற வழக்கறிஞரின் கணக்கு அது. உரிமையாளர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அதற்குப் பிறகு அப்படி ஒரே ஒரு ஏப்ரல்தான் வாய்த்தது, அதை வீரர்கள் பயன்படுத்தவில்லை.

கோடிகளில் சம்பாதிப்பவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் 1957க்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்போது லீக்கில் ஆறே அணிகள். ஓர் அணிக்கு இருபது பேர் என்று வைத்தாலும் உலகம் முழுவதற்கும் நூற்றிருபது வேலைகள். சிறு நகரங்களின் கிளை அணிகளில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அந்த இடங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஓர் அணியில் கையெழுத்திட்டவர் அந்த அணி விடுகிறவரை வேறெங்கும் போக முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து உடை மாற்றுகிறவனின் சம்பளம் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்பதே தவறு என்று பழக்கியிருந்தார்கள். வீரர்கள் ஆண்டுக்கு 900 டாலர் ஓய்வூதிய நிதிக்குக் கட்டினார்கள். அந்தக் காலச் சம்பளத்தில் அது சிறு தொகையல்ல. அந்த நிதி எங்கே இருக்கிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கணக்குப் புத்தகம் காட்டப்படவில்லை.

கேட்டவர்களில் ஒருவர் டெட் லிண்ட்சே. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் இடப்பக்கத் தாக்குதல் வீரர். உயரம் குறைவு, முகமெல்லாம் தையல் தழும்பு, எதிரணியினர் அஞ்சும் ஆட்டம். ஓய்வூதியக் குழுவில் வீரர்களின் பிரதிநிதியாக அவரும் மான்ட்ரியல் அணியின் டக் ஹார்வியும் இருந்தார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்டுப் பதில் கிடைக்காமல் வெளியே வந்தவர்கள் மற்ற அணிகளின் ஆட்களிடம் பேசத் தொடங்கினார்கள். எதிரணி வீரர்களோடு பழகவே கூடாது என்றிருந்த காலம் அது. ஆளுக்கு 100 டாலர் சந்தா வாங்கினார்கள். லீக்கிலிருந்த வீரர்களில் ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் கொடுத்தார்கள். 1957 பிப்ரவரியில் சங்கம் அறிவிக்கப்பட்டது.

லிண்ட்சே அந்த சீசனில் 30 கோல் அடித்து, 55 கோல்களுக்கு உதவினார். கோலுக்கு வழி செய்ததில் லீக்கிலேயே முதலிடம். அவருடைய வாழ்நாளின் சிறந்த சீசன். ஜூலையில் டெட்ராய்ட் நிர்வாகி ஜாக் ஆடம்ஸ் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார். கூடவே கிளென் ஹால் என்ற அருமையான கோல்காப்பாளரும் போனார். சிகாகோ அப்போது கடைசி இடத்தில் கிடந்த அணி. டெட்ராய்ட் அணி புரூஸ் நோரிஸ் கையில் இருந்தது, சிகாகோ அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜேம்ஸ் நோரிஸ் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தண்டனை குடும்பத்துக்குள்ளேயே முடிக்கப்பட்டது தெரியும். டொரான்டோவின் கேப்டன் ஜிம்மி தாம்சன் சங்கத்தில் முன்னால் நின்றார். ஆகஸ்ட்டில் அவரும் சிகாகோவுக்கு விற்கப்பட்டார்.

அந்த ஆண்டு நவம்பரில் டெட்ராய்ட் வீரர்கள் சங்கத்தை விட்டு விலகினார்கள். விலகியவர்களில் லிண்ட்சேயோடு ஒரே வரிசையில் ஆடிய கோர்டி ஹோவும் இருந்தார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர் அவர். ஹோவைக் கோழை என்று எழுதுவது எளிது. எனக்கு அதில் மனமில்லை. சஸ்காட்சுவான் பக்கத்து ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர், ஹாக்கியைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாதவர், தன் நண்பனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர். அவர் பயந்ததில் வியப்பில்லை. 1958 தொடக்கத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு சமரசம் ஏற்பட்டு, குறைந்தபட்சச் சம்பளம் 7,000 டாலர் என்று ஆனது. ஓய்வூதியத்தில் கொஞ்சம் கூடியது. சங்கம் இறந்தது. கணக்குப் புத்தகம் மூடியபடியே இருந்தது.

அடுத்த முறை சங்கம் பிறந்தபோது உரிமையாளர்கள் எதிர்க்கவில்லை. 1967இல் டொரான்டோ வழக்கறிஞர் ஆலன் ஈகிள்சன் அதை அமைத்தார். பாபி ஓர் என்ற பதினெட்டு வயது மேதைக்குப் பாஸ்டனில் பெரிய ஒப்பந்தம் பேசி முடித்தவர் என்பதால் வீரர்கள் அவரை நம்பினார்கள். அவரே சங்கத்தின் செயல் இயக்குநர். அவரே பல வீரர்களின் தனிப்பட்ட முகவர். கனடா கோப்பை போன்ற சர்வதேசப் போட்டிகளை நடத்தியவரும் அவரே. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உரிமையாளர்களோடு அவருக்கு நல்ல பழக்கம். மேசையின் எல்லாப் பக்கமும் ஒரே ஆள் உட்கார்ந்தால் அங்கே பேரம் நடக்காது. கால் நூற்றாண்டு அதுதான் நடந்தது.

ஓரின் கதை போதும். 1976இல் பாஸ்டன் அணி அவரைத் தக்கவைக்க அணியின் உரிமையிலேயே 18.5 சதவீதப் பங்கு தர முன்வந்திருந்தது. அந்தச் செய்தி ஓரிடம் போய்ச் சேரவில்லை. முழங்கால் உடைந்த நிலையில் சிகாகோவுக்குப் போனார், சில ஆட்டங்களில் ஓய்ந்தார். ஓய்ந்தபோது கட்ட வேண்டிய வரிக்கே கையிருப்புப் போதவில்லை. ஹாக்கியின் போக்கையே மாற்றிய தற்காப்பு வீரர் அவர், வயது முப்பது.

ஈகிள்சனை வீழ்த்தியது சங்க மாநாடு அல்ல. மாசசூசெட்ஸில் ஒரு சிறு நகரத்து நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் ரஸ் கான்வே ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் தோண்டினார். டொரான்டோவின் பழைய வீரர் கார்ல் புரூவர் தன் ஓய்வூதியக் காசோலை ஏன் இவ்வளவு சிறியது என்று விடாமல் கேட்டார். 1991இல் புரூவரோடு சேர்ந்து ஏழு பழைய வீரர்கள் லீக் மேல் வழக்குப் போட்டார்கள். ஓய்வூதிய நிதியில் சேர்ந்த உபரி வீரர்களுடையது, உரிமையாளர்கள் அதைத் தங்கள் பங்களிப்புக்கு ஈடாக எடுத்துக்கொண்டது தவறு என்று 1992இல் ஒன்டாரியோ நீதிமன்றம் சொன்னது. 1994இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. நான்கு கோடி டாலருக்கு மேல் திரும்பி வந்தது. லிண்ட்சே 1957இல் திறக்கச் சொன்ன கணக்குப் புத்தகம் திறக்க முப்பத்தைந்து ஆண்டு ஆயிற்று. வழக்குத் தொடுத்த அந்த ஏழு பேரில் ஒருவர் கோர்டி ஹோ.

1998இல் ஈகிள்சன் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு டொரான்டோவில் சிறை சென்றார். அவருடைய காலத்தின் கடைசிப் பகுதியில், 1989-90 சீசனில், சங்கம் எல்லோருடைய சம்பளத்தையும் வெளியிட்டது. அதன் விளைவு உடனே தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரன் எவ்வளவு வாங்குகிறான் என்று தெரிந்த பிறகு யாரும் பழைய தொகைக்குக் கையெழுத்திடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சம்பளம் ஏறிய வேகத்துக்கு அந்த ஒற்றைப் பட்டியல் பெரிய காரணம். ஒரு நாள்கூட வேலை நிறுத்தாமல் கிடைத்த ஆயுதம் அது. இருபது ஆண்டுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியது.

1993இல் கேரி பெட்மன் லீக்கின் கமிஷனராக வந்தார். கூடைப்பந்து லீக்கிலிருந்து வந்தவர். ஓர் அணி மொத்தமாகத் தரக்கூடிய சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தால் அது எப்படி வேலை செய்யும் என்று அங்கே பார்த்தவர். 1993-94 சீசனும் ஒப்பந்தமில்லாமலே ஓடியது. வீரர்கள் இன்னொரு ஏப்ரலில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. 1994 அக்டோபர் 1 அன்று உரிமையாளர்கள் அரங்கக் கதவைச் சாத்தினார்கள். நூறு நாளுக்கு மேல் கதவடைப்பு. ஜனவரியில் திறந்தபோது 48 ஆட்டங்களுக்கு மட்டும் நேரம் இருந்தது. அந்த முறை உரிமையாளர்களுக்குள் பிளவு இருந்ததால் உச்சவரம்பு வரவில்லை. அந்தப் பிளவு இனி வராமல் பெட்மன் பார்த்துக்கொண்டார்.

2004 செப்டம்பர் 15 அன்று அடுத்த ஒப்பந்தம் காலாவதியானது. மறுநாள் கதவடைப்பு. முப்பது உரிமையாளர்களில் எட்டுப் பேர் கமிஷனர் பக்கம் நின்றாலே எந்த ஒப்பந்தத்தையும் நிராகரிக்கலாம் என்று ஏற்பாடு. கையில் முப்பது கோடி டாலர் போர் நிதி. வெளியே வாய் திறந்த அட்லான்டா அணியின் பங்குதாரர் ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம். தொழிலாளர் சங்கங்கள் கட்டிக்காக்கும் ஒழுக்கத்தை முதலாளிகள் இங்கே அவர்களைவிட நன்றாகக் கட்டிக்காத்தார்கள்.

டிசம்பரில் சங்கம் தானாகவே ஒரு சலுகை தந்தது: நடப்பில் உள்ள எல்லா ஒப்பந்தச் சம்பளத்தையும் 24 சதவீதம் குறைத்துக்கொள்கிறோம், உச்சவரம்பு மட்டும் வேண்டாம். லீக் மறுத்தது. பிப்ரவரியில் உச்சவரம்பையும் ஏற்றார்கள். பிறகு தொகையில் பேச்சு: சங்கம் 4 கோடியே 90 லட்சம் டாலர், லீக் 4 கோடியே 25 லட்சம். பிப்ரவரி 16 அன்று பெட்மன் முழு சீசனையும் ரத்து செய்தார். வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக் ஒன்று தொழில் தகராறில் ஒரு சீசன் முழுவதையும் இழந்தது அதுவே முதல் முறை. ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் உச்சவரம்பு 3 கோடியே 90 லட்சம். வேண்டாம் என்று தள்ளியதைவிடக் குறைந்த தொகை. அந்த 24 சதவீத வெட்டும் கூடவே.

அப்போதும் சங்கத்தை வழிநடத்திய குட்எனோ தோற்றார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் எதை வைத்து ஆடினார் என்று பார்க்க வேண்டும். ஒரு ஹாக்கி வீரரின் சராசரி ஆட்டக்காலம் ஐந்து ஆண்டை ஒட்டித்தான். ஒரு சீசன் போனால் வாழ்நாள் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அது திரும்பி வராது. மார்க் மெசியே, ஸ்காட் ஸ்டீவன்ஸ், ரான் பிரான்சிஸ், அல் மக்கினிஸ் நால்வரும் 2003-04 சீசனில் ஆடியதே கடைசி ஆட்டம் ஆகிவிட்டது. அது தெரியாமலே உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். உரிமையாளருக்கு அணி என்பது நிலம் மாதிரி. ஒரு போகம் விளையாவிட்டாலும் நிலம் நிற்கும். யூஜின் மெல்னிக் 2003இல் ஆட்டவா செனட்டர்ஸ் அணியை, அரங்கம் சேராமல், பத்துக் கோடி டாலருக்கும் குறைவாக வாங்கினார். நடுவில் இரண்டு கதவடைப்பு. 2023இல் அந்த அணி கைமாறியபோது மதிப்பு 95 கோடி டாலர். ஒருவர் ஆண்டுகளை எண்ணுகிறார், மற்றவர் தலைமுறைகளை எண்ணுகிறார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, யார் அதிக நாள் தாங்குவது என்று போட்டி போட்டால் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதுதான்.

தோல்விக்குப் பிறகு சங்கம் உள்ளேயே உடைந்தது. குட்எனோவுக்குப் பிறகு வந்த டெட் சாஸ்கின் வீரர்களின் மின்னஞ்சல்களைப் படித்த விவகாரத்தில் 2007இல் நீக்கப்பட்டார். அவருக்கு அடுத்த பால் கெல்லி 2009இல் நீக்கப்பட்டார். 2010 டிசம்பரில் டொனால்டு ஃபெர் வந்தார், பேஸ்பால் சங்கத்தை நடத்தியவர். 1994இல் பேஸ்பால் வீரர்களை ஆகஸ்ட்டில், சீசனின் உச்சத்தில் நிறுத்தச் செய்தவர் அவர்தான். நாள் குறிப்பதன் அருமை அவருக்குத் தெரியும். 2012 செப்டம்பரில் ஒப்பந்தம் முடியும் நேரம் அவர் கேட்டது, பழைய ஒப்பந்தப்படியே ஆடிக்கொண்டு பேசலாமே என்பதுதான். ஒப்பந்தம் இல்லாமல் சீசன் தொடங்காது என்றது லீக். 1992 அவர்களுக்கும் நினைவிருந்தது.

அந்த ஆண்டு வருமானத்தில் வீரர்களின் பங்கு 57 சதவீதம். லீக் வைத்த முதல் தொகை 43. கடைசியில் 50. நடுவில் 113 நாள். டிசம்பரில் வீரர்கள் ஒரு விசித்திரமான வாக்கெடுப்பு நடத்தினார்கள்: இனி நாங்கள் இவர்களுக்குப் பிரதிநிதி அல்ல என்று சங்கமே அறிவிக்க அதிகாரம் கொடுக்கும் வாக்கெடுப்பு. அமெரிக்கச் சட்டத்தில் சங்கம் இருக்கும்வரை கூட்டு ஒப்பந்தத்துக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு உண்டு. சங்கம் இல்லையென்றால் உச்சவரம்பு என்பதே முதலாளிகளின் கூட்டுச் சதியாகிவிடும், ஆளுக்கு ஆள் வழக்குப் போடலாம். 706 பேர் ஆதரவு, 22 பேர் எதிர்ப்பு. சங்கத்தின் கடைசி ஆயுதம் தன்னையே கலைத்துக்கொள்வது என்ற நிலைமைக்கு வந்திருந்தார்கள்.

அதை முடித்துவைத்தவர் ஸ்காட் பெக்கன்பா என்ற அரசு மத்தியஸ்தர். இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார மறுத்த கட்டத்தில் நியூயார்க்கில் லீக்கின் இடத்துக்கும் சங்கம் தங்கியிருந்த ஹோட்டலுக்கும் இடையே நடந்தே போய்வந்தார். ஜனவரிக் குளிரில் ஒரு நாள் முழுக்க அப்படியே. ஜனவரி 6 விடியும் முன் உடன்பாடு. அதற்குள் வீரர்கள் 34 ஆட்டங்களின் சம்பளத்தை இழந்திருந்தார்கள்.

அரங்க வாசலில் டிக்கெட் கிழிப்பவர்கள், உள்ளே பீர் விற்பவர்கள், பனித்தளம் சமன் செய்பவர்கள், எதிரே சாப்பாட்டுக் கடை நடத்துபவர்கள் யாரும் எந்த மேசையிலும் இல்லை. அவர்களுக்குப் போன மாதங்களுக்கு ஈடாக ஐம்பது சதவீதமும் இல்லை, ஐந்து சதவீதமும் இல்லை. ஹாக்கி வீரர் சங்கம் இந்த மனிதர்களைத் தன் பேரத்துக்குள் கொண்டுவர முயன்றதில்லை என்பது என் மனத்தாங்கல். அரங்க ஊழியரின் சங்கமும் வீரரின் சங்கமும் ஒரே நாளில் முடியும் ஒப்பந்தங்களை வைத்திருந்தால் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பாதிப் பங்கு என்று கேட்க நியாயமாக இருக்கிறது. அதை அமல்படுத்தும் விதம்தான் வீரர்களை வாட்டுகிறது. எஸ்க்ரோ என்று ஒரு பிடித்தம். சம்பளத்தில் ஒரு பகுதியை ஆண்டு முழுவதும் நிறுத்திவைத்து, கடைசியில் மொத்த வருமானத்தைக் கூட்டிப்பார்த்து, வீரர்களுக்குப் பாதிக்கு மேல் போயிருந்தால் அந்த மிகை நிறுத்திய பணத்திலிருந்து உரிமையாளர்களுக்குப் போய்விடும். கோவிட் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. 2020-21 சீசனில் சம்பளத்தில் பத்து சதவீதம் பிற்பாடு தருவதாகத் தள்ளிவைக்கப்பட்டது. மீதியில் இருபது சதவீதம் எஸ்க்ரோ. ஒப்பந்தத்தில் எழுதிய ஒவ்வொரு டாலருக்கும் கைக்கு வந்தது 72 சென்ட், அதன் மேல் வரி. வருமானம் குறைந்ததன் கடன் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆட வந்தவர்கள் தலையிலும் விழுந்தது, உச்சவரம்பு 8 கோடியே 15 லட்சத்திலேயே உறைந்து நின்றது. 2005இல் ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டின் கருவே இதுதான்: வருமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் வீரருக்குப் பங்கு உண்டு, ஆனால் அணியின் மதிப்பு ஏறும்போது வீரருக்குப் பங்கு இல்லை. ஆட்டவாவின் அந்த 95 கோடியில் ஒரு டாலர்கூட எந்த வீரரின் பங்குக் கணக்கிலும் வராது.

இதற்கெல்லாம் மாற்றாக ஒன்று நடந்ததென்றால் அதைப் பெண்கள்தான் செய்தார்கள்.

2017 மார்ச் 15 அன்று அமெரிக்கப் பெண்கள் தேசிய அணி, உலகச் சாம்பியன் போட்டியில் ஆட மாட்டோம் என்று அறிவித்தது. போட்டி மார்ச் 31 அன்று தொடக்கம். நடக்கும் இடம் மிச்சிகனில் அவர்கள் சொந்த மண். நடப்புச் சாம்பியன்களும் அவர்களே. முறைப்படி சங்கம் எதுவும் கிடையாது. ஒலிம்பிக் ஆண்டில் ஆறு மாதம், மாதம் ஆயிரம் டாலர். அதைத் தவிர நான்கு ஆண்டில் ஊதியம் என்று ஏதுமில்லை. ஆண்கள் அணிக்குக் கிடைக்கும் பயண வசதியும் காப்பீடும் அவர்களுக்கு இல்லை.

அமெரிக்க ஹாக்கி அமைப்பு மாற்று ஆட்களைத் தேடியது. முதலில் கல்லூரி வீராங்கனைகள். பிறகு பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். பிறகு ஓய்வு பெற்றவர்கள், மாலை நேரத்தில் பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் வரை தொலைபேசி போயிற்று. கேப்டன் மேகன் டக்கனும் தோழிகளும் அந்தத் தொலைபேசிகளுக்கு முன்பே ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசியிருந்தார்கள். நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு வாழ்நாளில் இந்த ஒரு முறைதான் வரும் என்று தெரிந்த பதினாறு வயதுப் பெண்கள் மாட்டோம் என்றார்கள். ஓர் அணிக்குத் தேவையான கருங்காலிகள் அந்தப் பெரிய நாட்டில் கிடைக்கவில்லை. மார்ச் 28 அன்று நான்காண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 7 இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் ஹிலரி நைட் அடித்த கோலில் கனடாவை வென்றார்கள்.

1957இல் நூற்றிருபது இடங்களுக்குக் காத்திருந்த இளைஞர்களின் வரிசைதான் உரிமையாளர்களின் பலம். 2017இல் அந்த வரிசையே சங்கமாகிவிட்டது. நாளையும் அவர்களே குறித்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, கனடியப் பெண்கள் லீக் மூடப்பட்ட பிறகு, இருநூறுக்கு மேற்பட்ட வீராங்கனைகள் இன்னும் பெரிய முடிவெடுத்தார்கள். வாழ்வதற்குப் போதுமான சம்பளமும் காப்பீடும் தரும் லீக் வரும்வரை வட அமெரிக்காவில் எந்தத் தொழில்முறை லீக்கிலும் ஆடுவதில்லை. ஆட்டக்காலம் குறுகியது என்பது அவர்களுக்கும் பொருந்தும். சிலருக்கு அந்தக் காத்திருப்பிலேயே காலம் முடிந்தது. நான்கு ஆண்டு பொறுத்தார்கள். 2023 ஜூலையில் புதிய லீக்கின் கூட்டு ஒப்பந்தத்துக்கு வாக்களித்தபோது அந்த லீக்குக்கு அணிகளில்லை, அரங்கமில்லை, பெயர்கூட வெளியாகவில்லை. ஒப்பந்தம் முதலில் வந்தது. 2031 வரை செல்லும். குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர், ஒவ்வோர் அணியிலும் ஆறு பேருக்காவது 80,000. இதில் ஒரு வலியும் உண்டு. போட்டியாக இருந்த இன்னொரு பெண்கள் லீக்கைப் புதிய முதலீட்டாளர்கள் வாங்கி மூடினார்கள். அங்கே கையெழுத்திட்டிருந்த பெண்களின் ஒப்பந்தங்கள் ஒரே நாளில் செல்லாமல் போயின. சிலர் வேலையிழந்தார்கள். வெற்றியின் கணக்கில் அவர்களையும் எழுத வேண்டும்.

2024 ஜனவரி 1 அன்று முதல் ஆட்டம், டொரான்டோவில், பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டிடத்துக்குள். ஜிம்மி தாம்சன் கேப்டனாக ஆடியது அதே கட்டிடத்தில்தான், சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக அனுப்பப்பட்டதும் அங்கிருந்துதான்.

ஆண்கள் லீக்கில் 2025 கோடையில் புதிய ஒப்பந்தம் சண்டையில்லாமல் முடிந்தது. பழையது முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே கையெழுத்து. சங்கத்துக்கு இப்போது மார்டி வால்ஷ் தலைமை. பாஸ்டனின் மேயராகவும் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சராகவும் இருந்தவர். உச்சவரம்பு பத்துக் கோடி டாலரைத் தாண்டப்போகிறது. பதிலுக்கு சீசன் 84 ஆட்டங்களாக நீள்கிறது. ஒரு வீரர் கையெழுத்திடக்கூடிய ஒப்பந்தத்தின் அதிகபட்ச ஆண்டுகளில் ஒன்று குறைகிறது. மூன்று கதவடைப்புகளைப் பார்த்த ரசிகர்கள் மூச்சு விட்டிருப்பார்கள். எனக்கும் ஆட்டம் நடப்பதில் மகிழ்ச்சிதான்.

ஆனால் செய்திகளில் சம்பளத்தையும் ஆண்டுகளையும் பற்றிப் பேசியவர்கள் அதிகம் பேசாத ஒரு வரி அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, முடிவுத் தேதி: 2030 செப்டம்பர் 15. பயிற்சி முகாம் தொடங்கும் வாரம், ஒரு டிக்கெட்டும் கிழிக்கப்படாத வாரம், வீரர் கடைசியாகச் சம்பளம் வாங்கி ஐந்து மாதமான வாரம். அதை மார்ச் 31 என்று மாற்றிக் கேட்டால் உரிமையாளர்கள் என்ன விலை சொல்வார்கள் என்று ஒரு முறையாவது கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்காக உச்சவரம்பில் சில லட்சம் டாலர் விட்டுக்கொடுத்திருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.